கால் வராத நாள்: பின்வண்டிக்காரர் பதில்கள்

இங்கே வாசகர் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் பின்வண்டிக்காரர், அமெச்சூர் சாலை சைக்கிள் பந்தயங்களில் நெடுநாள் ஓட்டியவர். இப்போது பந்தயத்தின் கடைசி ஆளுக்கும் பின்னால் வரும் வண்டியை ஓட்டுகிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ‘அன்றைக்கு எனக்கு என்ன ஆச்சு?’ என்று கேட்பவை.

சார், எனக்கு 38 வயது. கணக்குத் துறையில் வேலை. மூன்று மாதமாக ஒரு 96 கிலோமீட்டர் பந்தயத்துக்காகவே பயிற்சி எடுத்தேன். அன்றைக்கு முதல் ஏற்றத்திலேயே கூட்டம் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. வழக்கமாக நான் பேசிக்கொண்டே ஏறுகிற வேகம்தான் அது. கால் கல்லாக இருந்தது. மிதிக்கும் பலத்தை அளக்கும் பவர் மீட்டர் எப்போதையும்விட 30 வாட் குறைவாகக் காட்டியது. இதயத் துடிப்பு 170 போக வேண்டிய இடத்தில் 155-ஐத் தாண்டவில்லை. எனக்கு வயதாகிவிட்டதா? வியாழக்கிழமைகூட ஒரு ஏற்றத்தில் முழு மூச்சாக ஏறிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. (ஆண்டுக் கணக்கு முடிக்கிற வாரம் என்பதால் தூக்கம் மட்டும் கொஞ்சம் குறைவு.)
— கல்லுக்கால்

அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே ஒரு வரி, அதையும் அதற்கு முந்தின வரியையும் சேர்த்துப் படியுங்கள். பதிலை நீங்களே எழுதி அனுப்பிவிட்டீர்கள்.

முதலில் துடிப்பு. கால் ‘முடியவில்லை’ என்று கத்துகிறது, இதயமோ நிதானமாக அடிக்கிறது, எவ்வளவு மிதித்தாலும் ஏற மாட்டேன் என்கிறது. இது பெரும்பாலும் களைப்பு சேர்ந்துபோன உடம்பின் அடையாளம். இதற்கு நேர் எதிராக, மெதுவாக மிதிக்கும்போதே துடிப்பு எகிறினால் வெயில், தண்ணீர் குறைவு, வரப்போகிற காய்ச்சல் இவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். பந்தயப் படபடப்பிலும் காபியிலும்கூடத் துடிப்பு கொஞ்சம் ஏறும் என்பதால் தொடக்கக் கோட்டில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். அரை மணி நேரம் ஓட்டிய பிறகு பாருங்கள்.

அடுத்தது வியாழக்கிழமை. பந்தயத்துக்கு முந்தின வாரத்தில் ‘ஒருமுறை ஏறிப் பார்த்துவிடலாம்’ என்று தோன்றாத ஆளை நான் பார்த்ததே இல்லை. அந்த வாரத்தில் எவ்வளவு ஓட்டினாலும் ஞாயிற்றுக்கிழமைக்குப் புது பலம் எதுவும் வந்து சேராது, ஏனென்றால் பயிற்சியின் பலன் காலில் இறங்கவே பத்துப் பதினைந்து நாள் ஆகும். களைப்பு மட்டும் அன்றைக்கே இறங்கிவிடும். நன்றாகத் தூங்கியிருந்தால் ஞாயிற்றுக்குள் அது கழிந்திருக்கலாம். நீங்கள் கணக்குப் புத்தகத்தோடு விழித்திருந்தீர்கள். உடம்புக்கு ஆபீஸ் களைப்பு தனி, சைக்கிள் களைப்பு தனி என்றெல்லாம் கிடையாது.

பொதுவாகப் பலன் தருகிற முறை இதுதான்: கடைசி இரண்டு வாரத்தில் மொத்தம் ஓட்டும் நேரத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைப்பது, வேகத்தை மட்டும் விட்டுவிடாமல் இருப்பது. அதாவது நீண்ட ஓட்டங்களை வெட்டிவிட்டு, சின்னச் சின்னதாகச் சில வேகமான மிதிகளை வைத்துக்கொள்வது. முந்தின நாள் முழு ஓய்வு எடுத்தால் மறுநாள் கால் கட்டிக்கொண்டது போல இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். அவர்களுக்கு 40 நிமிட சாவகாச ஓட்டம், நடுவில் ஒரு நிமிடம் வீதம் இரண்டு மூன்று முறை வேகம், அவ்வளவு போதும்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். 38-ல் கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் அது வருடக் கணக்கில் மெல்லக் குறைவது. வியாழனுக்கும் ஞாயிறுக்கும் நடுவில் யாருக்கும் வயதாவதில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடித்துவிடலாம் என்றும் நான் சொல்ல மாட்டேன். நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிட்டு, எல்லாம் ஒழுங்காகச் செய்தும் கால் வராத நாள் உண்டு. அப்படி ஒன்று வந்தால் நோட்டில் ‘கால் வரவில்லை’ என்று எழுதிப் பக்கத்தைத் திருப்புங்கள். காரணம் தேடிக் கிளம்புகிறவர்கள் சீட்டை ஐந்து மில்லிமீட்டர் உயர்த்துவார்கள், அப்புறம் அடுத்த மாதம் முட்டி வலிக்கிறது என்று எனக்கு இன்னொரு கடிதம் வரும்.

80 கிலோமீட்டர் வரை முன்கூட்டத்தில் ஜம்மென்று இருந்தேன். அப்புறம் ஐந்தே நிமிடத்தில் கண் மங்கி, கை நடுங்கி, திருப்பத்தில் கொடி பிடித்து நின்ற தன்னார்வலரிடம் காரணமே இல்லாமல் கத்திவிட்டேன். இதுவும் மோசமான நாள்தானா?
— காலி டப்பா

இல்லை, இது சாப்பிடாத நாள். மோசமான நாள் முதல் அரை மணி நேரத்திலேயே முகத்தைக் காட்டிவிடும். நன்றாகப் போய்க்கொண்டிருந்து கடைசியில் சுவிட்சை அணைத்தது போல நின்றால் சர்க்கரை தீர்ந்துபோய்விட்டது என்று அர்த்தம்.

கணக்கு எளிது. தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம் மாவுச்சத்தை உடம்பு சேர்த்து வைத்திருக்கும். இது சுமார் 2,000 கலோரி. சராசரியாக 200 வாட்டில் ஓட்டினால் மணிக்கு 700 கலோரிக்கு மேல் செலவாகும். வேகம் கூடக் கூட அதில் பெரும்பகுதி மாவுச்சத்திலிருந்துதான் வரும். கொழுப்பு மிச்சமிருக்கும், ஆனால் அது பந்தய வேகத்துக்கு ஈடுகொடுக்காது. மூளை ரத்தத்தில் உள்ள சர்க்கரையை நம்பி இருப்பதால்தான் முதலில் கண்ணும் குணமும் கெடுகிறது. அந்தத் தன்னார்வலர் உங்களை மன்னித்துவிடுவார். எங்களுக்கு இது பழக்கம்.

மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் உறிஞ்சுவது ஏறக்குறைய அவ்வளவுதான். ஃப்ரக்டோஸ் வேறு வாசல் வழியாகப் போவதால் இரண்டும் கலந்தால் 90 கிராம் வரை தாங்கும். ஆனால் பயிற்சியில் பழகாமல் பந்தயத்தன்று 90-க்குப் போனால் வயிறு உங்களைப் புதருக்குள் அனுப்பும்.

பந்தயத்தில் பசிக்காது. முன்னால் இருப்பவரின் டயரைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும். அதனால் பசிக்கட்டும் என்று காத்திருக்காமல் நேரம் பார்த்துச் சாப்பிடுங்கள். ஹேண்டில்பார் தண்டில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி 20, 40, 60 என்று நிமிடங்களை எழுதி வைத்துக்கொள்வது பழைய வழி, இன்றும் நல்ல வழி. சர்க்கரைக் கூழ் அடைத்த ஜெல் உறையின் முனையை வீட்டிலேயே லேசாகக் கிழித்து வைத்துவிடுங்கள். வியர்த்த கையுறையோடும் பல்லோடும் அதைக் கிழிக்கப் போராடி, அந்த நேரத்தில் முன்னால் போகிறவரின் வீலைத் தவறவிட்டவர்களை வண்டியில் ஏற்றியிருக்கிறேன்.

பத்தாவது கிலோமீட்டரிலேயே இன்றைக்குக் கால் இல்லை என்று தெரிந்துவிட்டால் மிச்சப் பந்தயத்தை என்ன செய்வது அண்ணா? இறங்கிவிடலாமா?
— ரப்பர் பேண்ட்

பத்தாவது கிலோமீட்டரை நம்பாதே தம்பி. சிலருக்குக் கால் திறக்கவே 30, 40 நிமிடம் ஆகும். வார்ம்-அப் போதாமல் தொடங்கியதை மோசமான நாள் என்று நினைத்துக்கொள்வது சகஜம். பந்தயம் எவ்வளவு சின்னதோ வார்ம்-அப் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்.

அரை மணி கழித்தும் அப்படியே இருக்கிறதா? சரி, அப்போது ஒளியத் தெரிய வேண்டும். நான் பின்னாலிருந்து பார்ப்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கால் இல்லாதவர் தன்னை அறியாமல் கூட்டத்தின் வாலுக்கு வந்துவிடுவார். வால் நிம்மதியான இடம் போலத் தெரியும். ஆனால் இருப்பதிலேயே மோசமான இடம் அதுதான். ஒரு திருப்பம் வருகிறது என்று வை. முன்னால் இருப்பவர்கள் மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து 32-க்குக் குறைத்துத் திரும்பிப் போய்விடுவார்கள். அந்தக் குறைப்பு பின்னால் வர வர நீளும். கடைசி ஆள் 20-க்கு வந்திருப்பார், அவர் திருப்பத்தில் இருக்கும்போதே முன்னவர்கள் மறுபடி 40-ல் போய்க்கொண்டிருப்பார்கள். அவர் எழுந்து நின்று ஸ்பிரிண்ட் அடித்துத்தான் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு திருப்பத்துக்கும் இதே கதை. முன்னால் இருப்பவருக்குச் சாதாரண நாளாக இருப்பது வாலில் இருப்பவருக்கு ஐம்பது ஸ்பிரிண்டாகிவிடும்.

அதனால் கால் இல்லாத அன்று கூட்டத்தின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் இரு. முகப்புக்குப் போய்க் காற்றை வாங்காதே, ‘முன்னால் வந்து இழு’ என்று யாராவது முழங்கையை ஆட்டி அழைத்தாலும் கண்டுகொள்ளாதே. சமதளத்தில் 40-ல் போகும்போது உன் உழைப்பில் பெரும்பகுதியைக் காற்றுதான் தின்கிறது. கூட்டத்துக்குள் ஒளிந்தால் மூன்றில் ஒரு பங்கு, சமயத்தில் அதற்கும் மேல் மிச்சம். பக்கக் காற்று அடித்தால் முன்னால் இருப்பவரின் சக்கரத்துக்கு நேர் பின்னால் நிற்காதே, காற்று வராத பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்து நில்.

ஏற்றத்துக்கு ஒரு தந்திரம் உண்டு. அடிவாரத்தில் கூட்டத்தின் முன்வரிசைக்குப் போய்விடு. பிறகு உன் வேகத்தில் ஏறு. ஒவ்வொருவராக உன்னைத் தாண்டுவார்கள், தாண்டட்டும். உச்சிக்கு வரும்போது நீ வாலில் இருப்பாய், ஆனால் வாலோடு ஒட்டித்தான் இருப்பாய். அடிவாரத்திலேயே வாலில் இருந்து ஏறத் தொடங்கினால் பின்வாங்க இடமே இல்லை, நேரே என் பம்பருக்குத்தான் வருவாய்.

விடுபடுகிற அந்த நொடியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் அரைச் சக்கர இடைவெளி. அப்புறம் ஒரு சைக்கிள் நீளம். தோள் இரண்டும் ஆடத் தொடங்கும், முட்டி வெளியே விரியும். அந்த நேரத்தில் முன்னே இருப்பது பத்து மீட்டர்தான். அந்தப் பத்து மீட்டருக்கு முப்பது நொடி உயிரைக் கொடுத்து மிதிக்கலாம், மீதி 60 கிலோமீட்டரைத் தனியாகக் காற்றில் ஓட்டுவதைவிட அது மலிவு. ஆனால் அவர் என்ன செய்வார் என்றால், பின்னால் திரும்பிப் பார்ப்பார். அப்படிப் பார்த்தவர் மனதளவில் என் வண்டியில் ஏறியாகிவிட்டது. நான் பின்சீட்டில் கிடக்கும் பம்பை எடுத்து ஓரமாக வைத்துவிடுவேன்.

இடைவெளி நூறு மீட்டர் ஆகிவிட்டதா? துரத்தாதே. நிமிர்ந்து உட்கார், தண்ணீர் குடி, எதையாவது சாப்பிடு, பின்னால் வரும் அடுத்த குழுவோடு சேர்ந்துகொள். உன் குழுவின் ஆட்கள் முன்னால் இருந்தால், விடுபடுவதற்கு முன்பே அவர்களுக்குப் பயன்படப் பார். பாட்டிலை மாற்றிக் கொடு, ஏற்றத்துக்கு முன் அவர்களை முகப்புக்கு இழுத்துக் கொண்டுபோய் விடு. ஜெயிக்கப் போதாத கால் இதற்குப் போதும்.

இறங்கலாமா என்று கேட்டாய். நெஞ்சு வலி, தலைசுற்றல், வெயிலில் உடம்பு சில்லிட்டுப் புல்லரிப்பது, காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் யோசிக்காமல் இறங்கு. வைரஸ் காய்ச்சலோடு கடுமையாக மிதித்தால் இதயத் தசையே வீங்கக்கூடும், அது விளையாட்டில்லை. மற்றபடி இறங்குவதும் முடிப்பதும் உன் இஷ்டம், முடித்தால்தான் வீரன் என்ற கட்சி நான் இல்லை. ஒன்றே ஒன்று: இறங்கினால் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ. சட்டையில் குத்தியிருக்கும் எண் அட்டையைக் கழற்றி அடுத்த முனையில் நிற்கும் தன்னார்வலரிடம் கொடு. சொல்லாமல் வீட்டுக்குப் போய்க் குளித்துத் தூங்கிவிடுகிற மகராசன்களை இருட்டும் வரை பள்ளத்தில் எட்டிப் பார்த்துத் தேடுவது நாங்கள்தான்.

தொழில்முறை வீரர்களுக்கும் இப்படி ஆகுமா? அவர்களுக்குத்தான் எல்லாமே அளந்து கொடுக்கிறார்களே.
— டிவி முன்னால் ஓட்டுபவர்

பிரிட்டிஷ் வீரர் சைமன் யேட்ஸைக் கேளுங்கள். இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோ தி இத்தாலியாவில், 2018-ல், முதலிடத்தில் இருப்பவர் போடும் இளஞ்சிவப்புச் சட்டை பதிமூன்று நாள் அவர் முதுகில். மூன்று கட்டங்களை, அதாவது மூன்று நாள் ஓட்டங்களை, வேறு ஜெயித்திருந்தார். பதினெட்டாம் நாள் 28 நொடி நழுவியது. மறுநாள் கோலே டெல்லே ஃபினெஸ்ட்ரே ஏற்றத்தில் கால் முழுதாக நின்றுபோய், அன்று மட்டும் 38 நிமிடம் 51 நொடி இழந்தார். அதே ஏற்றத்தில் தனியாகக் கிளம்பிய கிறிஸ் ஃப்ரூம் அந்த ஜிரோவை எடுத்துக்கொண்டார்.

அதே வருடம் செப்டம்பரில் யேட்ஸ் ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவை ஜெயித்தார். 2025-ல் ஜிரோ மறுபடி ஃபினெஸ்ட்ரேவுக்குப் போனது, கடைசிக்கு முந்தின நாள். அந்தச் சரளைப் பாதையில் தாக்கி, சட்டையைப் பிடுங்கி, ஜிரோவையும் ஜெயித்தார். கதை எழுதுகிறவர்கள் இப்படி எழுதினால் நாம் நம்ப மாட்டோம்.

ஸ்லோவேனிய வீரர் போகாச்சரும் 2023 டூர் டி ஃபிரான்ஸின் பதினேழாம் நாளில் ‘நான் போய்விட்டேன், செத்துவிட்டேன்’ என்று குழுவோடு பேசும் ரேடியோவிலேயே சொன்னார். டென்மார்க்கின் வின்கெகோவிடம் அன்று 5 நிமிடம் 45 நொடி போயிற்று. அந்த ஏப்ரலில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டதால் பயிற்சி தடைபட்டிருந்தது. அடுத்த வருடம் ஜிரோ, டூர் இரண்டையும் அவர்தான் வென்றார். அளந்து கொடுத்தாலும் உடம்பு அளந்து வாங்காது.

என் வீட்டுக்காரர் பந்தயம் சரியாகப் போகவில்லை என்றால் அன்று யாரோடும் பேச மாட்டார். மறுநாள் விடிவதற்கு முன்பே எழுந்து 120 கிலோமீட்டர் போய்விட்டு வருவார். கேட்டால் ‘எனக்கு நானே தண்டனை’ என்கிறார். தடுக்கலாமா?
— பெயர் வேண்டாம்

தடுங்கள் சகோதரி. பேசாமல் இருப்பது ஒரு நாள் வியாதி, தானே சரியாகும். அந்த 120 கிலோமீட்டர்தான் ஆபத்து.

களைப்பால் கால் வராமல் போன மனிதர் மறுநாள் அந்தக் களைப்பின் மேலேயே இன்னொரு மாடி கட்டுகிறார். பந்தயத்தில் கிழிந்த தசை இழைகள் கூடவும், தீர்ந்த மாவுச்சத்து நிரம்பவும் ஒன்றிரண்டு நாள் வேண்டும். அதற்கு முன் இப்படி விரட்டினால் அடுத்த ஞாயிறும் கால் வராது, மறுபடி தண்டனை, மறுபடி 120. ஒரு மோசமான நாளை ஒரு மோசமான மாதமாக்குவது இப்படித்தான். நான் பார்த்தவரை ஆட்கள் சீசனைத் தொலைத்தது பந்தய நாளில் இல்லை, அதற்கு அடுத்த வாரத்தில்தான்.

இரண்டு நாள் ஓய்வு, அல்லது வேர்க்காமல் போகிற வேகத்தில் ஒரு மணி நேரம். கேட்கவில்லை என்றால் ஷூவின் இடது காலை மட்டும் நீங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோபம் என் மேல் திரும்பினால் பரவாயில்லை.

காலில் லாக்டிக் அமிலம் தேங்கியதால்தான் மறுநாள் வலிக்கிறது என்கிறார்களே, எப்படி வெளியேற்றுவது?
— மசாஜ் பிரியர்

பந்தயம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் அது தானே போய்விடும். மறுநாள் வலிப்பது தசை இழைகளில் ஏற்பட்ட சின்னச் சின்னச் சேதத்தால். மசாஜ் சுகமாக இருக்கிறதா? செய்துகொள்ளுங்கள், அமிலத்தை இழுக்காதீர்கள்.

எனக்கு வயது 29. கடந்த நான்கு பந்தயங்களிலும் கால் வரவில்லை. மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஏற்றத்துக்காக எடை குறைத்துக்கொண்டிருக்கிறேன். மாதவிடாயும் இரண்டு மாதமாக வரவில்லை. பயிற்சியாளர் ‘மன உறுதி போதாது’ என்கிறார்.
— ஏறத் துடிப்பவள்

ஒரு பந்தயம் சரியில்லை என்றால் அது நாள். நான்கு என்றால் உடம்பு. மன உறுதியை ஓரமாக வைத்துவிட்டு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள் அம்மா.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் கேட்டு எடுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு காலியாக இருக்கலாம், ஓட்டக்காரப் பெண்களிடம் இது அதிகம். பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை வாங்கிப் போட வேண்டாம், அதிகமானாலும் கெடுதல்தான்.

அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது அந்த இரண்டு மாதம். ஓட்டுகிற அளவுக்குச் சாப்பிடாமல் இருந்தால் உடம்பு முதலில் மிச்சம் பிடிப்பது அங்கேதான். பிறகு எலும்பு, நோய் எதிர்ப்பு என்று வரிசையாகப் பிடிக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் இதற்குத் தனிப் பெயர் வைத்து அறிக்கையே வெளியிட்டது, ஆண்களுக்கும் வரும் என்று சேர்த்துச் சொன்னது. மருத்துவரிடம் எடையையும் மாதவிடாயையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதுவரை பந்தயம் வேண்டாம். பயிற்சியாளர் மறுபடி மன உறுதி என்றால், இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

பந்தயம் முழுக்க யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருந்தது. வீட்டுக்கு வந்து பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் அரைச் சுற்றில் நிற்கிறது. பிரேக் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது! குழுவில் எல்லோரிடமும் ‘இன்றைக்குக் கால் இல்லை’ என்று சொல்லிவிட்டேன். இப்போது உண்மையைச் சொல்லட்டுமா?
— பிரேக் போட்டு ஓட்டியவர்

வேண்டாம். தொடங்குவதற்கு முன் சக்கரத்தைத் தூக்கி ஒரு சுற்று சுற்றிப் பார்க்க இரண்டு நொடி போதும் என்பது அவர்களுக்கும் தெரியும்.